பீலி துப்புரவுக்கு எவ்வளவு கொடுக்கலாம்

நவம்பர் 16, சனி

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். கனடாவில் சொந்த வீடு வைத்திருக்கிறவனை எவனும் உரித்துத் தின்னலாம் என்று ஆகிவிட்டது. யாராவது இதை எழுதிவைக்க வேண்டும். நான் எழுதுகிறேன்.

விஷயம் பீலி. கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் ஓடுவதற்காகப் பொருத்திய அலுமினியத் தொட்டி. என் வீட்டு முன்வாசலில் மாநகரசபை நட்டுவைத்த மேப்பிள் மரம் நிற்கிறது. மரம் அவர்களுடையது, ஒரு கிளையை வெட்டவும் எனக்கு உரிமை இல்லை. இலை மட்டும் என்னுடையது. போன குளிர்காலத்தில் இலை அடைத்து, பீலியில் தண்ணீர் உறைந்து, கூரைக்கு அடியால் ஏறி, மேல்மாடியில் விருந்தினர் அறைச் சீலிங்கில் பழுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. இந்த வருடமும் விழுந்தால் சீலிங் இறங்கிவிடும். தொழிற்சாலையை மூடி என்னை வீட்டுக்கு அனுப்பி ஒன்பது மாதம் ஆகிறது. சீலிங் கட்டக் காசு இல்லை.

மூன்று இடத்தில் விலை கேட்டேன். முதலாமவன் தொலைபேசியிலேயே முந்நூற்று நாற்பது டொலர் என்றான், வீட்டைப் பார்க்கவே இல்லை. இரண்டாமவன் விளம்பரத்தில் நூற்றெண்பது போட்டிருந்தான். கதைக்கக் கதைக்க ஏறியது: இரண்டு மாடி என்றால் கூட, கீழே இறங்கும் குழாய் அடைத்திருந்தால் கூட, அள்ளிய இலையைக் கொண்டுபோனால் கூட. இலையை அள்ளி என் தலையிலா கொட்டுவான்? மூன்றாமவன் வந்து பார்த்தான், பீலியை விட்டுவிட்டுக் கூரை பழுதென்று அரை மணித்தியாலம் பயம் காட்டினான். நான் கணிதப் பட்டதாரி. ஊரில் இரண்டு வருடம் படிப்பித்தவன். ஒரே பீலிக்கு மூன்று விடை வருகிறதென்றால் அது கணக்கு அல்ல, களவு.

நானே ஏறலாம்தான். முழங்கால் விடாது.

"முழங்காலோ?" என்று கேட்டுவிட்டு சறோ அடுக்களைக்குப் போனாள். என் மனைவிக்கு இப்படி ஒற்றைச் சொல்லில் குத்துகிற பழக்கம் உண்டு.

நவம்பர் 19, செவ்வாய்

கேதீஸைக் கூப்பிடச் சொல்லிச் சறோ நச்சரிக்கிறாள். கேதீஸ் எங்கள் ஊர்ப் பொடியன். பொடியன் என்றாலும் நாற்பது தாண்டிவிட்டது, இரண்டு பிள்ளைகள். பீலி, வேலி, வாசலில் ஸ்னோ அள்ளுவது எல்லாம் செய்கிறான். எனக்கு விருப்பம் இல்லை. அவனுடைய தமையன் சந்திரமோகன்தான் எங்கள் ஊர்ச் சங்கத்தின் தலைவர். போன வருடத் தேர்தலில் என்னைத் தோற்கடித்தவர். தோற்றதில் கவலை இல்லை. வென்ற பிறகு மேடையில் ஏறி, "மாஸ்ரருக்கு ஓய்வு குடுப்பம்" என்று சொல்லிச் சபையைச் சிரிக்கவைத்தார். சிரித்தவர்கள் ஒவ்வொருவரையும் நினைவில் வைத்திருக்கிறேன். கேதீஸ் சிரித்தானா என்று பார்க்கவில்லை. சிரித்திருப்பான்.

ஆனால் மேப்பிள் இலை என் மனத்தாங்கலுக்காகக் காத்திருக்காது. அவனுக்குப் போன் எடுத்தேன்.

"சனிக்கிழமை வாறன் அண்ணை. வான்தான் திருத்தக் குடுத்துக் கராஜில நிக்குது, மனிசி கொண்டுவந்து இறக்கிவிடுவா. ஏணி இருக்குத்தானே?"

"இருக்கு. எவ்வளவு எடுப்பாய்?"

"விசர்க்கதை கதையாதேங்கோ. உங்களிட்டைக் காசு பேசுறதோ? தாறதைத் தாங்கோ."

இதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். ஊரவனிடம் விலை கேட்டால் கேட்டவனுக்கு மரியாதை இல்லை, சொன்னால் சொன்னவனுக்கு மரியாதை இல்லை. வேலை முடிந்தபின் மடித்த தாளைக் கைக்குள் வைத்தால் அவன் பார்க்காமல் பையில் போடுவான். பற்றுச்சீட்டு, காப்புறுதி என்று வாயெடுத்தால் அன்றோடு உறவு முடிந்தது. நான் மனதில் எண்பது வைத்திருக்கிறேன், சறோவுக்கும் அது தெரியும். சறோ ஒரு போத்தல் எலுமிச்சங்காய் ஊறுகாயும் கொடுப்பாள்.

நவம்பர் 23, சனி

கேதீஸ் விழுந்துவிட்டான். மூச்சு இருக்கிறது.

நவம்பர் 24, ஞாயிறு

நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும். யாரும் கேட்டால் குழம்பக் கூடாது.

மதியத்துக்குப் பின் வந்தான். காலையில் உறைபனி இருந்தது, அப்போது கரைந்திருந்தது. பெரும்பாலும் கரைந்திருந்தது. என்னுடைய ஏணியைக் கராஜிலிருந்து எடுத்தான். ஒரு காலில் ரப்பர் இல்லை என்பதை அவனே பார்த்தான். "ஆள் பிடிச்சால் நிக்கும் அண்ணை," என்றான். நான் பிடித்தேன். வீட்டின் வலது பக்கம் முடித்து, ஏணியை நடுவில் மாற்றிவைத்து மறுபடி ஏறினான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏணி சறுக்கியது. அவன் வாசல் சிமெந்துப் படியில் முதுகு அடிபட விழுந்தான். நான் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

அம்புலன்ஸ்காரப் பெண், இவர் யார், கூலிக்கு வந்தவரா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கசின், சும்மா பார்க்க வந்தவர், தானாகவே ஏறினார் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஊரில் எல்லோரும் ஏதோ ஒரு வழியில் கசின்தான். அவள் எழுதிக்கொண்டாள். கேதீஸ் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தான். அவனுக்கும் கேட்டிருக்கும்.

சறோ வாசலில் நின்றாள், கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு. அதைக் கீழே வைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

ஆஸ்பத்திரி. முதுகெலும்பில் சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது. இடது காலில் உணர்வு இல்லை, வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார்கள். அவனை மயக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அவனுடைய மனைவி வதனி நடைபாதையில் இருந்தாள், வேலைத்தலத்து மேலங்கியோடு.

"அண்ணை, நீங்கள் பக்கத்திலதானே நிண்டனீங்கள்?"

"ஓம்."

"ஏணியைப் பிடிச்சுக்கொண்டே?"

"ஓம் பிள்ளை."

அவள் என் கையைப் பிடித்து அழுதாள். நல்லகாலம் நீங்களாவது பக்கத்தில் நின்றீர்களே என்றாள். கையை எப்படி இழுத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். வரும்போது கார் நிறுத்துமிடத்தில் என் காரை அடையாளம் தெரியாமல் இரண்டு தரம் கடந்துபோனேன்.

நவம்பர் 28, வியாழன்

வீட்டுக் காப்புறுதிக் கம்பனியிலிருந்து அழைத்தார்கள். செய்தி ஆஸ்பத்திரியிலிருந்து போனதா, வதனி வழியாகப் போனதா, தெரியாது. இந்த உரையாடல் பதிவுசெய்யப்படுகிறது என்று முதலிலேயே ஒரு குரல் சொன்னது. அம்புலன்ஸில் சொன்னதையே சொன்னேன். வேறென்ன சொல்வது? ஒரே ஆள் இரண்டு இடத்தில் இரண்டு கதை சொல்ல முடியுமா?

"வேலைக்கு ஏதாவது தொகை பேசினீர்களா?"

"இல்லை."

இது பொய் அல்ல. தொகை பேசவே இல்லை.

நவம்பர் 30, சனி

இடது பக்கப் பீலி இன்னும் இலையோடு கிடக்கிறது. மழை பெய்தது. நடுவில் தண்ணீர் வழிந்து, அவன் விழுந்த படியின்மேல் சொட்டுகிறது. முன்வாசலால் போக மனம் வரவில்லை. இரண்டு நாளாகக் கராஜ் வழியாகவே போய் வருகிறோம். நான் போய் வருகிறேன். சறோ முன்வாசலால்தான் போகிறாள், ஒவ்வொரு நாளும், மயக்கம் தெளிந்துவிட்ட கேதீஸுக்குச் சோறும் இரசமும் எடுத்துக்கொண்டு.

டிசம்பர் 1, ஞாயிறு

வாசல் மணி அடித்தது. திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். சந்திரமோகன். திறக்காமல் விடலாம் என்றிருந்தேன், சறோ திறந்துவிட்டாள்.

சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே வந்தார். வழக்கமாகச் சிரித்துக்கொண்டு வருகிற மனிதர். முகச்சவரம் செய்திருக்கவில்லை.

"மாஸ்ரர், நடந்தது நடந்துபோச்சு. ஒரு ஊர் ஆக்கள். கோடு கச்சேரி, வழக்கு எண்டு போய் நாறவேண்டாம். சங்கத்தால ஒரு இராப்போசனம் வைச்சுக் காசு சேர்ப்பம்."

எனக்கு உடம்பு லேசானது. அவரை முதல்தடவையாக நல்ல மனிதர் என்று நினைத்தேன்.

"நல்ல யோசினை," என்றேன்.

"வதனிக்குத்தான் விருப்பமில்லை. சட்டத்தரணியிட்டைப் போறன் எண்டு நிக்கிறாள். இராப்போசனக் காசு எத்தினை மாசத்துக்கு எண்டு கேக்கிறாள். அவள் கேக்கிறதிலயும் பிழையில்லை." தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தார். "அது சரி, ஏணி ஆற்றை?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். "அவன்ரை ஏணி வானுக்கு மேல கட்டிக் கிடக்குது. வான் திருத்துற கராஜில. அதுதான் கேட்டனான்."

"எங்கட," என்றாள் சறோ.

"நல்ல ஏணியோ?"

"பழசு," என்றேன்.

போகும்போது வாசற்படியில் கொஞ்ச நேரம் நின்று கீழே பார்த்தார். பிறகு அண்ணாந்து பீலியைப் பார்த்தார். ஏதாவது திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

டிசம்பர் 2, திங்கள்

கராஜைத் துப்புரவாக்கினேன். பழைய பெயின்ற் வாளிகள், உடைந்த கதிரை, துருப்பிடித்த சைக்கிள், ஏணி. எல்லாவற்றையும் மாநகரசபைக் குப்பை நிலையத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். கனநாளாக நினைத்திருந்த வேலை.

டிசம்பர் 3, செவ்வாய்

"ஏணி எங்கை?" என்று சறோ கேட்டாள். சொன்னேன். கராஜ் கதவைப் பிடித்தபடி என்னை நெடுநேரம் பார்த்தாள். இருபத்தெட்டு வருடம் கூட இருந்தவள் ஒரு அந்நியனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

டிசம்பர் 4, புதன்

சட்டத்தரணி அழைத்தாள். அபிரா என்று பெயர். இங்கே பிறந்த பிள்ளை, தமிழ் மழலையாகக் கதைக்கிறது.

"அங்கிள், பயப்பிடாதேங்கோ. உங்கட வீட்டைக் கேக்கேல்லை. உங்கட வீட்டு இன்ஷூரன்ஸைத்தான் கேக்கிறம். இப்படியான விஷயத்துக்குத்தானே நீங்கள் வருஷா வருஷம் காசு கட்டுறியள்?"

"என்ன வேணும் உமக்கு?"

"ஒரு ஸ்ரேட்மென்ற். நீங்கள்தான் அவரை வேலைக்குக் கூப்பிட்டனீங்கள், ஏணி உங்கட, விழேக்கை நீங்கள் எங்கை நிண்டனீங்கள். அவ்வளவுதான். சைன் பண்ணித் தந்தால் போதும். அடுத்த வெள்ளிக்குள்ள வந்தால் நல்லம்."

"நான் ஏற்கனவே சொல்லியிருக்கிறன்."

"ஓம், அதைப் பாத்தனான். கசின் எண்டு இருக்கு." தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "அங்கிள், அதை இப்ப திருத்தலாம். பயத்தில சொன்னது எண்டு சொல்லலாம். பிறகு திருத்துறது கஷ்டம். நீங்கள் சொல்லாட்டி அவைக்கு ஒண்டும் வராது."

மகள் வயது. எனக்குப் பயம் என்று எனக்கே சொல்கிறது.

போனை வைத்தபின் கணினியில் தேடினேன். காப்புறுதியிடம் பொய் சொன்னால் ஒப்பந்தம் செல்லாது என்று ஒரு இடத்தில் இருக்கிறது. குற்றம் என்று இன்னொரு இடத்தில். செல்லாது என்றால் நட்டஈடு என் தலையில். என் தலையில் என்றால் வீடு. ஆகவே அவள் வீட்டைத்தான் கேட்கிறாள், எப்படிச் சொன்னாலும். வாசலில் ஒரு கார் நின்றது. எழுந்து விளக்கை அணைத்தேன். பக்கத்து வீட்டுக்கு வந்த பீட்சா.

டிசம்பர் 6, வெள்ளி

இடது பக்கத்தை அப்படியே விட முடியாது. அடுத்த கிழமை கடும் குளிர் வரும் என்கிறார்கள், தேங்கிய தண்ணீர் உறைந்தால் சீலிங் போய்விடும். முந்நூற்று நாற்பது கேட்ட அதே கம்பனியை அழைத்தேன். பாதி முடிந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். பாதிக்குப் பாதி விலை கிடையாது, வந்திறங்கவே ஒரு தொகை என்றார்கள். இருநூற்றெழுபதுக்கு வந்தது.

இரண்டு பேர் வந்தார்கள். முதலில் காப்புறுதிப் பத்திரத்தைக் காட்டினார்கள், நான் கேட்காமலே. ஏணி அவர்களுடையது, மேலே கொழுவும் தாங்கியோடு. ஒருவன் ஏற, மற்றவன் ஏணியை விட்டு அசையவே இல்லை. மேலே நின்றவன் ஏதோ பகிடி சொன்னான், கீழே நின்றவன் சிரித்தான், ஆனால் கை ஏணியில்தான் இருந்தது. நான் யன்னலால் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடித்துவிட்டு மேலே போனவன் வந்து கேட்டான்: "நடுவில பீலி நசிஞ்சிருக்கு. ஆரும் விழுந்தவையே?" ஆங்கிலத்தில்தான், ஆனால் சந்திரமோகன் கேட்டதுபோலவே என் காதில் விழுந்தது.

"கிளை விழுந்தது."

"கிளை மேலயிருந்தெல்லே விழும். இது பக்கவாட்டில இழுபட்டிருக்கு." அவன் தோளைக் குலுக்கினான். "பரவாயில்லை. முன்னால பின்னால படம் எடுத்திருக்கிறம், ஈமெயிலில வரும்."

"என்ன படம்?"

"வேலைக்கு முதலும் பிறகும். எல்லா வீட்டுக்கும் எடுப்பம். பிறகு நீங்கள்தான் நசிச்சனீங்கள் எண்டு எங்களைச் சொல்லாமல் இருக்க."

அழித்துவிடச் சொன்னேன். அவன் சிரித்தான், பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். படம் அலுவலகத்துக்குப் போய்விட்டதாம்.

டிசம்பர் 8, ஞாயிறு

சறோ இன்று கதைத்தாள். ஐந்து நாளாகக் கதைக்கவில்லை.

"வதனி என்னட்டைக் கேட்டால் நான் பொய் சொல்லமாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன்."

"நீர் என்னத்தைக் கண்டனீர்? நீர் அடுக்களையில."

"ஓம். அடுக்களையிலதான். நீங்களும் அடுக்களையில. தேத்தண்ணி தா எண்டு வந்து நிண்டனீங்கள். நான் ஊத்திக்கொண்டு நிக்கேக்கைதான் சத்தம் கேட்டது."

"குளிர். கை விறைச்சுப்போச்சு. ஒரு நிமிஷம்தான் வந்தனான்."

"அவன் என்ன சொன்னவன்? மூஞ்சையை நீட்டிக்கொண்டு வந்தனீங்கள்."

"ஒண்டும் சொல்லேல்லை."

அவன் சொன்னது இவ்வளவுதான். ஏணியின் உச்சியிலிருந்து, கையில் இலையோடு, குனிந்து: "அண்ணை, அடுத்தமுறை நீங்கள்தான் தலைவர். ரப்பர் இல்லாத ஏணியையே இப்பிடிப் பிடிக்கிறியள், சங்கத்தைப் பிடிக்கமாட்டியளே?"

பகிடிதான். எனக்குப் பகிடி விளங்கும். சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். பிறகு கை விறைத்தது. உள்ளே போகிறேன் என்று அவனிடம் சொன்னேனா? சொல்லியிருப்பேன். சொல்லாமல் யாராவது போவார்களா? நான் இறங்கச் சொல்லவில்லை என்பது உண்மை, ஏனென்றால் அவன் கை பீலிக்குள் இருந்தது, வேலையைக் குழப்பக் கூடாது.

அவன் தேர்தலன்று மண்டபத்திலும் சிரித்திருப்பான் என்று அந்தக் கணத்தில் தோன்றியது. இப்போது யோசித்தால், அன்று அவன் மண்டபத்துக்கு வந்ததாகவே நினைவில்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

கேதீஸ் என்னைப் பார்க்க வேண்டுமாம். சறோ காரில் ஏறி இருந்துகொண்டு ஹோர்ன் அடித்தாள். போகாமல் இருக்க முடியவில்லை.

புனர்வாழ்வு ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறார்கள். கட்டிலில் பாதி நிமிர்த்தி வைத்திருந்தார்கள். மெலிந்துவிட்டான். சறோ சாப்பாட்டுப் பெட்டியை வைத்துவிட்டு, வேண்டுமென்றே வெளியே போனாள்.

"வாங்கோ அண்ணை. இருங்கோ. கதிரை பிடிக்கத் தேவையில்லை, அது சறுக்காது."

அவன் பகிடி விடுகிறான். நான் கதிரையின் நுனியில் இருந்தேன்.

"நான் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லேல்லை," என்றான். "வதனிக்கும் சொல்லேல்லை. நீங்கள் பிடிச்சுக்கொண்டுதான் நிண்டனீங்கள் எண்டு சொல்லிவைச்சிருக்கிறன்."

"ஏன்?"

"உங்கட மானத்தை நான் ஏன் வாங்க? நான் சொன்னால் காசுக்குச் சொல்லுறன் எண்டுவினம். நீங்களாச் சொன்னால்தான் அது கதை." போர்வையைச் சரிசெய்தான், கையால் இடது காலைத் தூக்கி நகர்த்தினான், ஒரு பொருளை நகர்த்துவதுபோல. "அந்தப் பிள்ளை அபிரா ஒரு கேள்வி கேட்டவ. எனக்குப் பதில் தெரியேல்லை. நீங்கள் எனக்கு எவ்வளவு தாறதா இருந்தனீங்கள்?"

"நாங்கள் ஒண்டும் பேசேல்லையே."

"பேசேல்லைத்தான். ஆனால் மனசில ஒண்டு வைச்சிருப்பீங்கள்தானே? நான் வேலைக்கு வந்தவன் எண்டதுக்கு அது வேணுமாம்."

எண்பது என்று சொல்ல வாய் வரவில்லை.

"இருநூறு," என்றேன்.

கேதீஸின் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்திருக்கக் கூடாது.

"இருநூறே! நான் நூறுதான் நினைச்சனான். உங்களைப் பிழையா நினைச்சிட்டன் அண்ணை." பிறகு சொன்னான்: "அப்ப வெள்ளிக்கிழமை போய் அதைச் சொல்லிவிடுங்கோ. சின்னவளுக்கு இன்னும் விளங்கேல்லை. அப்பா எப்ப வந்து ஸ்னோ அள்ளுவார் எண்டு கேக்கிறாள்."

சரி என்றேன். அவன் முன்னால் சரி என்று சொன்னேன்.

டிசம்பர் 12, வியாழன்

காப்புறுதிக் கம்பனியிலிருந்து பதிவுத்தபால். தபால்காரர் கையெழுத்துக் கேட்டார். கோணலாகப் போட்டுவிட்டு, குளிர் என்று சொன்னேன். மேலதிக விபரம் கேட்டிருக்கிறார்கள். பீலி துப்புரவுக்கு வேறு யாரிடமாவது அண்மையில் விலை விசாரித்தீர்களா என்றும் ஒரு கேள்வி. எப்படித் தெரியும்? படம் எடுத்தவர்களா? மூன்று கம்பனியும் என் பெயரை எழுதிவைத்திருக்குமே. சும்மா வந்த கசின் ஏறுவதற்கு ஒரு கிழமைக்கு முன்னால் மூன்று இடத்தில் விலை கேட்டவன் நான்.

கடிதத்தை விருந்தினர் அறை மெத்தைக்குக் கீழே வைத்திருக்கிறேன். சீலிங்கில் வட்டம் பெரிதாகவில்லை. வேலை நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள்.

டிசம்பர் 13, வெள்ளி

போகவில்லை. சட்டை மாற்றினேன், கார்ச் சாவியை எடுத்தேன், கராஜ் வரை போனேன். வயிற்றோட்டம் பிடித்தது.

போன் எத்தனையோ தரம் அடித்தது. கடைசியில் வதனி குரற்பதிவு விட்டிருந்தாள். "அண்ணை, அபிரா பாத்துக்கொண்டிருந்தவ. ஏதும் சுகமில்லையோ?" கோபமே இல்லாத குரல். கோபப்பட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்ல வந்திருக்கும்.

டிசம்பர் 14, சனி

சறோ காலையிலேயே உடுத்தி நின்றாள், கோயிலுக்குப் போகிற சேலை, மேலே தடித்த கோட்.

"அபிரா இண்டைக்கு ஒஃபிஸ் திறந்து வைச்சிருக்கிறா. நான் கேட்டனான். வாறியளோ?"

"சறோ, வீடு போயிடும்."

"போகட்டும்."

"என்னை உள்ள வைப்பாங்கள்."

"வைக்கமாட்டாங்கள். வைச்சாலும் நான் சாப்பாடு கொண்டுவருவன்." அழுதாளா, சிரித்தாளா என்று விளங்கவில்லை. "நான் கண்டதை நான் சொல்லுறன். நீங்கள் அடுக்களையில நிண்டனீங்கள். எண்பது குடுக்க வைச்சிருந்தனீங்கள், ஊறுகாய் நான் கட்டி வைச்சனான். ஏணியை எறிஞ்சுபோட்டியள். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். மிச்சம் உங்களுக்குத்தான் தெரியும். அதை நான் எப்பிடிச் சொல்ல? அது உங்கட கையெழுத்து."

முன்வாசலால் போனாள். இறங்கும்போது அந்தப் படியைச் சுற்றி நடந்தாள். கார் திரும்பும்வரை யன்னலில் நின்றேன். கூடப் போயிருக்கலாம். சப்பாத்துப் போட எவ்வளவு நேரம்?

ஆனால் நானும் சும்மா இருக்கவில்லை. மேசையில் இருந்து எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டேன். எங்கள் ஆட்கள் வீடு, வேலை, வாடகை என்று விசாரிக்கும் இணையப் பலகை ஒன்று இருக்கிறது, ஆயிரக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள். அதற்காக. இரண்டு மாடி வீட்டுக்குப் பீலி துப்புரவுக்கு இருநூறிலிருந்து முந்நூற்றைம்பது வரை எதிர்பாருங்கள், அது களவு அல்ல. அந்தக் காசில் பாதி இலைக்கு அல்ல, கீழே நிற்கிற இரண்டாவது ஆளுக்கு. காப்புறுதிப் பத்திரத்தைக் கேளுங்கள், கேட்பது அவமரியாதை இல்லை. உங்கள் ஏணியைக் கொடுக்காதீர்கள். ஊரவன் என்றாலும் விலையை முதலில் வாய்விட்டுப் பேசுங்கள், ஏனென்றால் பேசாத விலைக்குப் பிறகு எவரும் பொறுப்பு இல்லை. உறைபனி விழுந்த நாளில் யாரையும் ஏற்றாதீர்கள். ஏணியைப் பிடிக்கிறேன் என்று சொன்னால், மேலே நிற்பவன் என்ன சொன்னாலும், கையை எடுக்காதீர்கள். ஒரு வீட்டில் எடுத்தார்கள். இரண்டு பிள்ளைகளின் தகப்பன் இன்று தன் காலைத் தன் கையால் தூக்கி வைக்கிறான்.

நன்றாக வந்திருக்கிறது. வாசிக்கிறவர்களுக்குப் பயன்படும், நாலு பேர் உயிர் தப்பும். எந்த வீடு என்று எழுதவில்லை. எழுதினால் என்ன பயன்?

கீழே பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. சோதிலிங்கம் என்று என் பெயரை அடித்தேன். அடித்த பெயரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். சறோவிடமிருந்து ஒரு அழைப்பு வந்தது, எடுக்கவில்லை. இரண்டாவதும் வந்தது. அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள், நான் வருவேன் என்று பார்த்துக்கொண்டு.

பெயரைப் போட்டால் எங்கள் சனம் விஷயத்தை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொள்ளும். சந்திரமோகன் மேடையில் வாசித்தாலும் வாசிப்பார். சொல்லப்பட்டதுதான் முக்கியம், சொன்னவன் அல்ல.

கட்டத்தை வெறுமையாக்கிவிட்டேன். பெயர் இல்லாமலே போடுகிறேன்.